பாரசீக ராஜாவும் கண்டரமாணிக்கத்துப் பங்காளிகளும்

சுதை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, கலவை எப்படிப் போடுவது, கம்பி எப்படி வளைப்பது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் மேஸ்திரி திட்டித் திட்டியே சொல்லிக் கொடுத்துவிடுவார். நான் சொல்ல வந்தது முகத்தைப் பற்றி. சாமி முகம் இல்லை, சாமி முகத்துக்கு இலக்கணம் இருக்கிறது, பிழைத்துக்கொள்வீர்கள். ஆள் முகம். உயிரோடு ஊரில் நடமாடுகிற, நாளைக்கு டீக்கடையில் உங்கள் எதிரிலேயே வந்து உட்காரப்போகிற ஆளின் முகம். இந்தத் தொழிலில் உதை வாங்குவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஒன்று சொல்வார்: "ஒடம்ப முடி. மூஞ்சியக் கடைசியில வையி. ஒடம்பு முடியிறதுக்குள்ள மொதலாளி மனசு நாலு தடவ மாறும்." அவர் சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

அது சோம்பேறித்தனம் இல்லை என்று முதலில் சிங்கம்புணரிப் பக்கத்தில் புரிந்தது. ஒரு கோயில் வாசலில் குதிரைவீரன் செய்யச் சொல்லிச் செலவை ஏற்றுக்கொண்டவர், வீரனுக்குத் தன் முகத்தையே வைக்கச் சொன்னார். வைத்தேன். பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது, மனிதர் தோற்றுப்போனார். ஜெயித்தவர் எனக்கு ஆள் அனுப்பி, குதிரை இருக்கட்டும், ஆளை மட்டும் மாற்று என்றார். மீசையை மட்டும் கொஞ்சம் முறுக்கிவிட்டு இறங்கினேன். தோற்றவர் அது இன்னும் தான்தான் என்று நம்பினார், ஜெயித்தவர் அது இப்போது தான் என்று நம்பினார். இருவருமே வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் எல்லா வேலையும் மீசையோடு முடிந்துவிடுவதில்லை.

தொண்ணூறுகளில், மாடிக்கு மாடி டிஷ் ஆன்டெனா முளைத்துக்கொண்டிருந்த காலம். ஆடி மாதம், கையில் கோயில் வேலை எதுவும் இல்லை. கண்டரமாணிக்கத்திலிருந்து ஈரான் செட்டியார் கூப்பிட்டு அனுப்பினார். இளவயதில் ஈரானில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவர். அங்கே புரட்சி வந்து ராஜா போனதும் இவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். அதிலிருந்து அவருக்கு அந்தப் பெயர்தான். நல்ல மனிதர், கை தாராளம், ஆனால் முறை, மரியாதை என்று வந்துவிட்டால் சிவபெருமானோடும் சண்டைக்குப் போவார். கோயிலில் திருநீறு கொடுக்கும் வரிசை பிசகினால் தட்டைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிடுகிற ரகம்.

அவருக்கும் அவருடைய பங்காளிகளுக்கும் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வழக்கு. இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துபோகிற இடம். அதற்காகப் பல வருஷம் சிவகங்கை கோர்ட்டுக்கு பஸ் ஏறி, கடைசியில் தீர்ப்பு இவர் பக்கம் வந்துவிட்டது. சந்தில் சுவர் கட்டியாயிற்று. சுவருக்கு நேர் எதிரே மூத்த பங்காளி சாத்தப்பச் செட்டியார் வீட்டு வாசல்.

"மேஸ்திரி, இந்தச் செவுத்துல எனக்கு இது வேணும்" என்று ஆல்பத்தைத் திறந்தார்.

ஈரானில் இருந்தபோது அவரே எடுத்த படங்கள். முதல் படத்தில் பாறையில் ஒரு ராஜா குதிரை மேல் இருக்கிறார், எதிரில் ரோமாபுரி ராஜா மண்டி போட்டிருக்கிறார். நன்றாக இருக்கிறதே என்றேன். "இதுல தோத்தவன் ஒண்ணு ரெண்டு பேருதான். எனக்குப் பத்தாது" என்று பக்கத்தைப் புரட்டினார்.

அடுத்தது பெகிஸ்தூன் என்ற மலை. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் வெட்டியிருக்கிறார்கள். டேரியஸ் என்ற ராஜா கையில் வில்லோடு நிற்கிறார், பின்னால் இரண்டு காவலர்கள். அவர் காலுக்கடியில் ஒருவன் மல்லாக்கக் கிடந்து கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். எதிரில் ஒன்பது பேர், கை பின்னால் கட்டி, கழுத்துக்குக் கழுத்து ஒரே கயிறு. மேலே சிறகு விரித்து அவர்கள் சாமி. ராஜா பெரியவர், கைதிகள் அவர் நெஞ்சு உயரம். நம் கோயில் சுதையில் சாமி பெரிது, கும்பிடுகிறவன் சிறிது இல்லையா, அதே கணக்கு. கடைசியில் நிற்கிற கூர்த்தொப்பிக்காரனை வேலையெல்லாம் முடிந்த பிறகு சேர்த்தார்களாம், அவனுக்கு இடம் வேண்டி, பாறையில் ஏற்கனவே வெட்டியிருந்த எழுத்தைச் செதுக்கி எடுத்தார்களாம். அதைக் கேட்டதும் அந்தச் சிற்பி மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது. முடித்துவிட்டுச் சாரத்தைப் பிரிக்கும்போது 'இன்னும் ஒரே ஒரு ஆளு' என்று சொல்கிற முதலாளி அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்.

"ஒவ்வொருத்தன் பக்கத்துலயும் என்ன எழுதிருக்கு தெரியுமா? இவன் பொய் சொன்னான், இவன் பொய் சொன்னான்னு எழுதிருக்கு. நம்ம கேசுலயும் அதே கதைதான். அதான் எனக்கு இதைப் பிடிச்சுப்போச்சு" என்றார் செட்டியார்.

அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். ராஜாவுக்கு அவர் முகம். தாடி மட்டும் பாரசீகம், மூக்கும் கண்ணும் கண்டரமாணிக்கம். கயிற்றில் நிற்கிற ஒன்பது பேரும் எதிர்த்தரப்பில் சாட்சி சொன்ன பங்காளிகள். காலுக்கடியில் கிடப்பவன் சாத்தப்பச் செட்டியார்.

"அய்யா, அந்த எடத்துல முயலகன் மூஞ்சி வச்சிருவோமா? நடராசர் காலுக்கடியில வழக்கமா வக்கிறதுதான், அம்சமா இருக்கும்" என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"முயலகன் எம் மேல கேசு போட்டானா?" என்றார்.

முகம் பார்த்துச் செய்ய ஒரு போட்டோவும் கொடுத்தார். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்தது. விருந்து முடித்து நின்றிருக்கிறார்கள், அத்தனை பேரும் சிரிப்பு. கழுத்தில் கயிறு மாட்டிய ஒன்பது பேரை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அழுகிற முகத்தை நான் எங்கே போய்த் தேடுவது?

வேலை தொடங்கிய அன்றே, செட்டியார் குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டார். "மேஸ்திரி, இங்குட்டு வாங்க. அவுக சொல்றபடி எல்லாஞ் செய்ங்க, நான் தடுக்கல. அந்தக் காலுக்கடியில கெடக்குற மூஞ்சிய மட்டும் வச்சுராதீக."

ஆச்சியின் கவலை நியாயமானது. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். கல்யாணம் பொது வீட்டு வளவில், அந்த உள்முற்றத்தில்தான் நடக்க வேண்டும். அந்த வீட்டில் எல்லாப் பங்காளிக்கும் பங்கு, மூத்த பங்காளி முன்னால் நிற்காமல் அங்கே பந்தல்கால் ஊன்ற முடியாது. வழக்கு வேறு, வளவு வேறு. சாத்தப்பச் செட்டியாருக்கு இன்னும் முறைப்படி சொல்லவே இல்லை. ஈரான் செட்டியார் அவர் வீட்டுப் படியேற மறுத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்து, மூத்தவுக எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? சந்துக்குக் கூட்டிப்போயி, இந்தா காலுக்கடியில கெடக்காகன்னு காட்டவா?" என்றார் ஆச்சி. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. சரி ஆச்சி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அன்றைக்கு எனக்குத் தொடங்கியது.

எதிர்வீட்டுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று சாரத்தின் முன்னால் சாக்குப் படுதா கட்டினேன். ராஜா உடம்பு எழுந்தது. காவலர்கள், சிறகு விரித்த சாமி எல்லாம் வந்தது. ஒன்பது முகமும் ஒவ்வொன்றாக வந்தது, எல்லாம் சிரித்த முகம். அவர்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்று கேட்டதற்கு, செட்டியார் யார் மேல் அதிகக் கோபமோ அவரை முன்னால் விட்டார். கிடக்கிறவனுக்கு மட்டும் முகம் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டார். கீழே கிடக்கிறவனுக்குத் தேய்பிறையில்தான் முகம் வைக்க வேண்டும் என்றேன். தேய்பிறை வந்தது. உங்களுக்குச் சந்திராஷ்டமமாக இருக்கிறதே என்றேன். சாஸ்திரம் என்றதும் மனிதர் அடங்கிவிட்டார். அப்படி ஒரு சாஸ்திரம் எந்தக் கொம்பன் எழுதினான் என்று எனக்கே தெரியாது.

ஒன்பதாவது முகம் முடிந்த மறுநாள் காலை, கழுத்துகளுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். செட்டியார் கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டதா பார்க்கக் காரைக்குடி போயிருந்தார். ஆச்சி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"மேஸ்திரி, பங்காளிக எல்லாம் எதிர்வீட்டுல கூடியிருக்காக. செருப்பு மாட்டுறாக. இங்குட்டுத்தான் வாராக!"

சந்தின் அகலம் எவ்வளவு என்று சொல்லியிருக்கிறேன். செருப்பு மாட்டிவிட்டால் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் கையில் என்ன இருக்கிறது, எது இன்னும் ஈரமாக இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். முகம் காய்ந்துவிட்டது, அதைத் தொட முடியாது. கை பின்னால் கட்டியிருக்கிறது, இருக்கட்டும், பெரிய மனிதர்கள் காற்றாட நடக்கும்போது அப்படித்தான் நடப்பார்கள். கயிறு மட்டும் ஈரம். என் ஆட்கள் கலவையைக் கோலிக்குண்டு மாதிரி உருட்டிக் கொடுக்கக் கொடுக்க, நான் கயிற்றின் மேல் வைத்து விரலால் அமுக்கிக்கொண்டே போனேன். கயிற்றின் மேல் பூ வைத்தால் மாலை. அவ்வளவுதான் வித்தியாசம். கடைசிக் கழுத்துக்குப் பூ வைப்பதற்கும் வெளியே இருமல் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

படுதாவை விலக்கிக்கொண்டு சாத்தப்பச் செட்டியார் முதலில் வந்தார். ஒல்லியான உயர்ந்த மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. பின்னால் மற்ற பங்காளிகள். அவரவர் முகத்தை அவரவர் கண்டுபிடித்துவிட்டார்கள். "இந்தா பாரு, நானு!" என்று ஒருவர். "ஒனக்கு இவ்வளவு முடி எங்க இருக்கு?" என்று இன்னொருவர். கழுத்தில் மாலை, முகத்தில் சிரிப்பு, யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. நான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

சாத்தப்பச் செட்டியார் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம் மேஸ்திரி, காலையில கயிறால்ல இருந்துச்சு?" என்றார்.

 அவர் தன் வீட்டு மாடி ஜன்னலைக் காட்டினார். நான் படுதா கட்டியது தெருவை மறைக்க. மாடிக்கு முழுக்க முழுக்கத் திறந்த வேலை. முதல் நாளிலிருந்து மனிதர் காப்பி குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"கயிறு இருக்கட்டும்யா. அவன் கேசுல செயிச்சான், கட்டி இழுக்குறான். இழுத்துட்டுப் போகட்டும்னு பேசாம இருந்தேன். ஆனா இது என்ன வரிசை? ராமநாதன் மூணாவதா நிக்கிறான், அவன் மகன் முத்தையா மொத ஆளா நிக்கிறான். அப்பன் இருக்கையில மகன் முன்னால நிக்கலாமா? ஊருல நாலு பேரு பாத்தா நம்ம வகையறாவப் பத்தி என்ன நெனப்பாக?"

அந்த நேரம் பார்த்துச் சந்து முனையில் டிவிஎஸ் ஃபிஃப்டி வந்து நின்றது. ஈரான் செட்டியார் பத்திரிகைக் கட்டோடு இறங்கினார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது மாலை. என்னை அவர் பார்த்த பார்வையில் பாரசீக ராஜா தோற்றார். நான் சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு சாமியின் சிறகைத் தடவிக்கொடுப்பது போல் நின்றுகொண்டேன்.

"வாப்பா" என்றார் சாத்தப்பச் செட்டியார். "நீ எல்லாருக்கும் முறை சொல்ற ஆளு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அப்பனுக்கு முன்னால முத்தையாவ நிறுத்துனது எந்த ஊரு முறை?"

ஈரான் செட்டியார் திரும்பிச் சுவரைப் பார்த்தார். முத்தையாவின் சாட்சியம்தான் அவரை அதிகம் நோகடித்தது, அந்தக் கோபத்தில் முன்னால் விட்டுவிட்டார். இப்போது பார்க்கிறார், மகன் முன்னால், தகப்பன் பின்னால். கோயிலில் திருநீற்று வரிசைக்காகச் சண்டை போட்ட மனிதர், தன் வீட்டுச் சுவரிலேயே இப்படிச் செய்துவிட்டார். காது மடல் சிவந்துவிட்டது.

"தப்புத்தாண்ணே" என்றார்.

வழக்கு நடந்த இத்தனை வருஷத்தில் அந்த 'அண்ணே' அவர் வாயில் வந்ததே இல்லை என்று ஆச்சி எனக்குப் பிறகு சொன்னார். நிலைப்படியில் நின்றிருந்த ஆச்சி அப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். 

அப்புறம் அங்கே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தோற்றவர்களும் ஜெயித்தவரும் ஒன்றாக நின்று, கைதிகளில் யார் யாருக்கு மூத்தவர் என்று கூடிப் பேசினார்கள். ராமநாதன் செட்டியார் முதலில். சரி. மேலவீட்டுக்காரர் அடுத்து. சரி. ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள், அதற்குத் தனிச் சண்டை. ஈரான் செட்டியார் ஒவ்வொன்றுக்கும் "அண்ணே, இது சரிதானா?" என்று சாத்தப்பச் செட்டியாரையே கேட்டார். வேறு யாரைக் கேட்பது? முறை தெரிந்த மூத்தவர் அவர்தானே. நான் இரண்டு முகத்தை மாற்றி வைத்தால் போதும் என்று முடிவானது.

"எல்லாம் சரி" என்றார் சாத்தப்பச் செட்டியார். "எல்லாருக்கும் மூத்தவன் நானு. நான் எங்க நிக்கிறேன்?"

 பங்காளிகள் வரிசையைப் பார்த்தார்கள், ராஜாவைப் பார்த்தார்கள், பிறகு மெல்லக் குனிந்து, ராஜா காலுக்கடியில் முகமில்லாமல் கையைத் தூக்கிக் கிடந்தவனைப் பார்த்தார்கள். ஈரான் செட்டியார் என்னைப் பார்த்தார். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அடுத்து யார் வாயைத் திறந்து என்ன சொல்லப்போகிறார் என்பதில் இருந்தது.

"அய்யாவுக்கு எடம் இன்னும் முடிவாகலைங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்யா எடம். மாடியிலருந்து பாத்தா மொதல்ல தெரியிறதே அதுதான்" என்றார் அவர்.

தம்பிகளே, அந்த நேரத்தில் இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் நான் கெட்டேன். சமாதானம் சொல்லத் தோன்றும், சாஸ்திரம் சொல்லத் தோன்றும், முயலகனை இழுக்கத் தோன்றும். வேண்டாம். நம் வேலை சுவரோடு சரி. வீட்டுக்காரர்களுக்குள் நடக்க வேண்டியது நடக்கக் கொஞ்சம் இடம் விட்டு, கரண்டியைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொள்ள வேண்டும். நான் குனிந்துகொண்டேன். ஆச்சி குனியவில்லை.

வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நேராகச் சந்துக்குள் வந்தார். கணவர் கையிலிருந்த கட்டைப் பிரித்து, அச்சு மை வாசனை போகாத முதல் பத்திரிகையை எடுத்துத் தட்டில் வைத்தார். தட்டை அவர் கையில் கொடுத்தார்.

"பெரியவுக நம்ம எடத்துக்கே வந்திருக்காக. எல்லாப் பங்காளிகளும் இருக்காக. மக கல்யாணத்துக்கு முறையாச் சொல்லிருங்க."

முறையாக என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மூத்த பங்காளிக்குத் தட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது, காலில் விழுந்து கும்பிட வேண்டும். அப்படிச் சொல்லாத கல்யாணம் அவர்கள் வகையில் சொன்ன கணக்கே இல்லை. முறைக்காக ஊரோடு மல்லுக்கு நின்ற மனிதர் இப்போது முறையிலிருந்து தப்பிக்க முடியுமா? தட்டை நீட்டினார், பெரியவர் வாங்கி ஆச்சியிடமே கொடுத்தார். பங்காளிகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். ஒதுங்கியவர்கள் பழக்கதோஷத்தில் மூத்தவர் முன்னால், இளையவர் பின்னால் என்று வரிசையாகவே நின்றார்கள், பாதிப்பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஈரான் செட்டியார் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சுவரில் வில்லோடு நிற்கிற ராஜாவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அப்படியே சிமெண்டுத் தூசியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்வார்கள், அன்றைக்கு நன்றாகவே ஒட்டியது. சாத்தப்பச் செட்டியார் திருநீறு எடுக்க மடியில் கை விட்டார். கிழவர் கண்ணில் தண்ணீர். அதை மறைக்கத்தானோ என்னவோ, கையைத் தூக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து தம்பி தோளைத் தட்டினார்.

"எந்திரி தம்பி, வெரசா எந்திரி. மேஸ்திரி ரொம்ப நாளா அந்த எடத்துக்கு ஒரு மூஞ்சி தேடிக்கிட்டு இருக்காரு."